சுவர் இருந்தாத்தானே, மருமகனே!

மருமகனே, நீ அனுப்பின படம் வந்து சேந்துச்சு. பேத்தி போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, ரெண்டு விரலால விரிச்சு விரிச்சுக் காமிச்சா. கோல்ட் 1851 நேவியாமில்ல? இத்தாலிக்காரன் செஞ்ச நகலுன்னாலும் அம்சமாத்தான் இருக்கு. எட்டுப் பட்டைக் குழலு, பித்தளை வளையம், வழுவழுன்னு கைப்பிடிக் கட்டை. டாலஸ்ல உக்காந்து கம்ப்யூட்டர் தட்டுற பயலுக்குச் சனிக்கிழமையானா கரிமருந்துப் புகை கேக்குது. தப்பில்லே. உங்க அப்பனுக்குச் சனிக்கிழமையானா வேற ஒண்ணு கேட்டுச்சு. அதுக்கு இது தேவலை.

ஆனா படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தியே, அதைக் கேட்டதும் வாயில போட்ட வெத்தலை வெளிய வந்துருச்சு. "மாமா, இது 36 கலிபர். இதை 44 ஆக்கலாம்னு இருக்கேன். நீங்க முப்பது வருசம் லேத் ஓட்டுனவரு. யோசனை சொல்லுங்க."

யோசனைதானே, காசா பணமா? சொல்லிட்டாப் போச்சு.

மொத யோசனை. வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பத்து விரலையும் விரிச்சு வச்சு ஒரு படம் எடுத்துக்கோ. பின்னாடி எத்தனை இருந்துச்சுன்னு கணக்குப் பாக்க ஆகும். ரெண்டாவது, பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டுச் செய். ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட யாராவது வேணுமில்ல? மூணாவது யோசனைதான் முக்கியம். வேலை முடிஞ்சதும் மொதக் குண்டை நீ சுடாதே. போன தீவாளிக்கு லீவு தரலைன்னு பொலம்புனியே, அந்த மேனேஜரைக் கூப்பிட்டு, "சார், நீங்கதான் கைராசிக்காரர்"னு மரியாதையாக் கையில குடுத்துட்டு, நீ நாலு வீடு தள்ளிப் போய் நின்னுக்கோ.

சிரிக்கிறே. நான் சிரிக்கலை.

நீ சின்னப் பையனா இருந்தப்போ நம்ம பட்டறைக்கு ஒரு சம்சாரி வந்தாரு. பேரு வேண்டாம், அவரு பேரன் உன்கூடப் படிச்சவன். அஞ்சு குதிரைச் சக்தி ஆயில் இன்ஜின். லைனர் தேஞ்சு போயி, புகை தள்ளிட்டுக் கெடந்துச்சு. மொதத் தடவை இருபது தௌ, அதாவது அங்குலத்துல ஆயிரத்துல இருபது பங்கு, போர் கடைஞ்சு, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக் குடுத்தேன். நல்லா ஓடுச்சு. அடுத்த தடவை நாப்பது தௌ. அதுவும் ஓடுச்சு. மூணாந் தடவை வந்து, "இன்னுங் கொஞ்சம் கடைஞ்சு விடப்பா"ன்னாரு. "அண்ணாச்சி, இனிமே கடைஞ்சா ஓட்டைதான் இருக்கும், லைனர் இருக்காது. புது லைனர் போடுங்க"ன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "ஓட்டை பெரிசானா பிஸ்டன் பெரிசு, பிஸ்டன் பெரிசானா சக்தி பெரிசு. ஓசியில சக்தி கிடைக்குது, வேண்டாங்கிறியே"ன்னாரு.

வேற ஒரு பட்டறையில கொண்டுபோய்க் கடைஞ்சுக்கிட்டாரு. எட்டே நாளு. இன்ஜின் நின்னு போச்சு. அடியில இருக்குற போல்ட்டைக் கழத்தி எண்ணெயை வடிச்சா, எண்ணெயா வந்துச்சு? மோரு வந்துச்சு மாப்ளே, மோரு! லைனர் மசுரு கணக்கா கீறி, குளிர வைக்கிற தண்ணி எண்ணெயில கலந்து, வெள்ளை வெளேர்னு திரண்டு வந்துச்சு. அந்த வருசம் மொளகாச் செடி அம்புட்டும் தண்ணி இல்லாமச் சுருண்டு போச்சு.

இன்ஜின் நல்ல சாதி. தப்புப் பண்ணினா மோரைக் கக்கிட்டு நின்னுரும். துப்பாக்கி மோரு கக்காது.

இப்ப உன் சாமானுக்கு வருவோம். அந்தச் சிலிண்டரைக் கழத்தி முன்பக்கமாப் பாரு. என்ன தெரியுது? உங்க அத்தையோட பணியாரக் கல்லு தெரியுதா? சுத்தி ஆறு குழி, நடுக்குழிக்குப் பதிலா அச்சு ஓடுற தொளை. ஒவ்வொரு குழியிலும் கரிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வச்சு, நெம்புகோலால அமுக்கி இறக்கணும். பின்னாடி தீவாளிப் பொட்டு வெடி கணக்கா ஒரு சின்னத் தொப்பியை மாட்டணும். குதிரை வந்து தொப்பியைத் தட்டினா, உள்ள இருக்குற மருந்துக்குத் தீ போகும். வெடியுப்பு, கந்தகம், கரி மூணும் சேந்தா என்ன பண்ணும்னு சிவகாசிக்குப் பக்கத்துல பொறந்தவனுக்கு நான் சொல்லிக் குடுக்க வேண்டாம். அது வெடிக்கிறப்போ முன்னால போற குண்டை மட்டும் தள்ளாது. நாலு பக்கச் சுவரையும் அதே ஆங்காரத்தோடதான் தள்ளும். சுவர் நின்னா குண்டு போகும். சுவர் நிக்கலைன்னா சுவரே குண்டு.

கணக்குப் பாப்போமா? உன் துப்பாக்கிக்குப் பேரு 36, அதாவது பேருப்படி குழலோட ஓட்டை அங்குலத்துல நூத்துல 36 பங்கு. ஆனா உள்ள போற குண்டு 0.375 அங்குலம். 44ன்னு சொல்றதுக்குள்ள போற குண்டு 0.451. வித்தியாசம் 0.076 அங்குலம். மில்லிமீட்டர்ல 1.9. நம்ம பட்டறைப் பாஷையில அரை நூலுக்குக் கொஞ்சம் மேலே. "அம்புட்டுத்தானே மாமா"ங்கிறியா? ஆறு குழியும் ஒண்ணையொண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குதே! ரெண்டு குழிக்கு நடுவுல இருக்குறது ஒரே சுவரு. இந்தக் குழிக்காரன் பாதி தின்பான், அந்தக் குழிக்காரன் பாதி தின்பான். ஆகமொத்தம் அந்தச் சுவருல முழுசா 1.9 மில்லிமீட்டர் காலி. வெளிச்சுவருல ஒரு மில்லிமீட்டர் காலி. சிலிண்டரைப் பூட்டி நிறுத்த வெளிப்பக்கம் சின்னச் சின்னக் காடி வெட்டியிருக்குமே, அந்த எடத்துல ஏற்கெனவே சுவரு மெல்லிசு. அங்க என்ன மிஞ்சும்? சிகரெட்டுப் பொட்டி ஜிகினாத் தாளு மிஞ்சும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விட்டம் அஞ்சுல ஒரு பங்கு கூடினா குழியோட வாய் 45 சதம் கூடும். குண்டு உருண்டை இல்லையா, அதோட எடை இன்னும் தாவும். 36க்குப் போடுற உருண்டை 80 கிரெயின், அதாவது 5 கிராம் சொச்சம். 44க்கு 140 கிரெயின், 9 கிராம். சுவரு மெலியுது, சுமை ஏறுது. கூலியைப் பாதியாக்கிட்டு மூட்டையை ரெண்டாக்கின பண்ணையாரு மாதிரி இருக்கு உன் திட்டம். குருவி தலையில பனங்காய்னு சொல்லுவோமே, அது சும்மா சொன்னதில்லே. நம்ம ஆளுங்க அளந்து பாத்துச் சொன்னது.

"கோல்ட்காரனே பெரிசாக்கினானே மாமா"ன்னு நீ கேப்பே. கேளு. நீ போன தடவை வந்தப்போ மறந்து போட்டுட்டுப் போன ரெண்டு தடிப் புஸ்தகத்தையும் மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்துப் பேத்தியை வாசிக்க வச்சுக் கேட்டுட்டேன். அந்தச் சாமுவேல் கோல்ட்டு சாமானியப்பட்ட ஆளில்லே. 1814ல கனெக்டிகட்டுல ஹார்ட்ஃபோர்டுங்கிற ஊருல பொறந்தவன். பதினாறு வயசுல கார்வோங்கிற கப்பல்ல ஏறி நம்ம கல்கத்தாவுக்குக் கெளம்புனான். அந்தப் பயணத்துலதான் கப்பல் சக்கரம் சுத்திப் பூட்டிக்கிறதைப் பாத்துக் கட்டையில சுழல் துப்பாக்கி செதுக்கினான்னு சொல்றாங்க. ஊருக்குத் திரும்பி, அசல் துப்பாக்கி செய்யக் காசு வேணுமில்லையா? "நியூயார்க், லண்டன், கல்கத்தா புகழ் டாக்டர் கோல்ட்"னு போர்டு மாட்டிக்கிட்டு, ஊரு ஊராப் போய் சிரிப்பு வாயுவைச் சனங்க மூக்குல ஏத்திக் காசு வாங்கினான். நம்ம கல்கத்தா பேரைச் சொல்லி அவன் பொழச்சிருக்கான். பங்கு கேக்கணும்.

1836ல பேட்டன்ட் வாங்கிட்டான். நியூ ஜெர்சியில பேட்டர்சன்ங்கிற ஊருல கம்பெனி போட்டான். 1842ல கம்பெனி மூடிருச்சு. ஆசை இருக்கு தாசில் பண்ணங்கிற கதைதான்.

அப்புறம் உங்க டெக்சாஸ்ல இருந்து ரேஞ்சர் படைக் கேப்டன் சாமுவேல் வாக்கர் வந்தாரு. மெக்சிகோவோட சண்டை நடக்குது. "பேட்டர்சன் துப்பாக்கி நல்லதுதான். ஆனா பெரிசா வேணும்"னாரு. வந்துச்சுப் பாத்தியா, உன் வியாதி! 1847ல செஞ்சாங்க. கோல்ட்டுகிட்ட அப்போ பட்டறைகூடக் கிடையாது. எலி விட்னிங்கிறவரோட மகன் பட்டறையில வச்சுச் செஞ்சான். 44 கலிபர், 9 அங்குலக் குழலு, ஒரு குழிக்கு 60 கிரெயின் மருந்து, அதாவது 4 கிராம் பக்கம். எடை 4 பவுண்டு 9 அவுன்ஸ், ரெண்டு கிலோவுக்கு மேலே. இடுப்புல கட்டினா வேட்டியோட சேந்து இறங்கிரும். குதிரைச் சேணத்துல உறை கட்டித்தான் சுமந்தாங்க. அரிசி மூட்டைக்குக் குதிரை இருக்கு, துப்பாக்கிக்கும் குதிரையான்னு அந்தக் குதிரை நினைச்சிருக்கும்.

மொத்தம் 1,100 செஞ்சாங்க. சுட ஆரம்பிச்சதும் சிலிண்டருங்க வெடிச்சு வெடிச்சுப் பட்டறைக்கே திரும்பி வந்துச்சு. அந்தக் காலத்து இரும்பு அந்த அளவு மருந்தைத் தாங்கலை. சனங்களும் குழி பெரிசா இருக்கேன்னு வாய் வரைக்கும் மருந்தை ரொப்பிட்டாங்க. கூம்புக் குண்டைத் தலைகீழாப் போட்டவனும் உண்டு. இன்னொரு கூத்தும் நடந்துச்சு. சுட்ட அதிர்ச்சியில, குண்டை அமுக்குற நெம்புகோல் தானாத் தொங்கிக் கீழே விழுந்து, சிலிண்டரைச் சுத்த விடாம மறிச்சுக்கும். தோல்வாரைப் போட்டுக் குழலோட கட்டி வச்சுச் சுட்டாங்க. நம்மூருல சைக்கிள் மட்கார்டைக் கயிறு போட்டுக் கட்டுவோமே, அதே தொழில்நுட்பம்தான். வாக்கரு அந்த வருசமே அக்டோபர்ல மெக்சிகோவுல ஹுவாமான்ட்லாங்கிற எடத்துல சண்டையில செத்துப் போனாரு. அவரு பேரு மட்டும் அந்தப் பெரிய சாமானுக்கு நிலைச்சுருச்சு.

இதுல கோல்ட்டு என்ன கத்துக்கிட்டான்? 1848ல அடுத்த துப்பாக்கி, டிராகூன். அதே 44தான். ஆனா சிலிண்டரைக் குட்டையாக்கினான், மருந்தை 50 கிரெயினாக் குறைச்சான், குழலை வெட்டிச் சுருக்கினான், நெம்புகோலுக்கு ஒரு கொண்டி போட்டான். பெரிசு வேணும்னு செஞ்சவன், மொத வேலையாச் சிறுசு பண்ணினான். புத்திசாலிக்கு ஒரு அடி போதும். நீ எத்தனை அடி கேக்குறே?

அதுக்கப்புறம் வந்துச்சு உன் நேவி. 1850ல தொடங்கி 1873 வரைக்கும் செஞ்சாங்க. அமெரிக்காவுல மட்டும் ரெண்டு லட்சத்துக்கு மேலே. 36 கலிபர்தான், எடை 1.2 கிலோதான். இடுப்புல நிக்கும். ஒரு கையில நீட்டலாம். காட்டுப் பில் ஹிக்காக்னு ஒரு சூரன் இருந்தானே, துப்பாக்கின்னாலே அவன் பேரைத்தான் சொல்லுவாங்க. அவன் என்ன வச்சிருந்தான்? தந்தக் கைப்பிடி போட்ட 36 நேவி, ஒரு சோடி. 44 வாங்கக் காசு இல்லாமலா? அடிக்கிறது குழி இல்லை, குறி. 1876ல டெட்வுட்ங்கிற ஊருல சீட்டாடிட்டு இருந்தவனைப் பின்னாலருந்து ஒருத்தன் சுட்டுட்டான். அன்னைக்கு அவன் இடுப்புல பீரங்கியே இருந்திருந்தாலும் பிரயோசனம் இல்லே. ஆக, பெரிய கலிபர் வேணுங்கிறவன் மொதல்ல கதவைப் பாத்து உக்காரக் கத்துக்கணும்.

சரி, 1860க்கு வா. இதுதான் நீ கேட்ட கேள்விக்கு நேரான பதில். ராணுவம் 44 வேணும்னுச்சு, ஆனா ரெண்டு கிலோ வேண்டாம்னுச்சு. கோல்ட்டு ஆளுங்க என்ன பண்ணினாங்க? நேவியோட சட்டத்தைத்தான் எடுத்தாங்க. உன்கிட்ட இருக்கே, அதே அளவுச் சட்டம். அவங்க குழியைக் கடைஞ்சு பெரிசாக்கலே மாப்ளே, அதைக் கவனி. சிலிண்டரையே புதுசா வார்த்தாங்கன்னு வச்சுக்கோ. பின்பாதி பழைய நேவி அளவு, முன்பாதி பருமன். குண்டு உக்காருற எடம் முன்பாதிங்கிறதால அங்க சதை போட்டாங்க. வயித்துப் பிள்ளைக்காரி மாதிரி முன்னால தள்ளிக்கிட்டு நிக்குமே, பாத்திருக்கியா? அந்த வயிறு இடிக்காம இருக்கச் சட்டத்துல ஒரு படி வெட்டினாங்க. பெரிய கட்டிலை வீட்டுக்குள்ள கொண்டு போக நிலையை இடிக்காம வாசப்படியைச் செதுக்கின கதை. குழலைப் புதுசாப் போட்டாங்க. எல்லாத்துக்கும் மேலே, இரும்பை மாத்தினாங்க. பழைய இரும்பை விட உறுதியான எஃகு.

எடை எவ்வளவு தெரியுமா? அதே 1.2 கிலோ சொச்சம். 1847ல 44ஐச் சுமக்கக் குதிரை வேணும். 1860ல இடுப்பு போதும். 13 வருசம். ஓட்டை வளரலை, எஃகுதான் வளந்துச்சு. சுமார் 2 லட்சம் செஞ்சதுல, உள்நாட்டுச் சண்டைக்குன்னு அரசாங்கம் மட்டும் 1,20,000க்கு மேலே வாங்குச்சு. 36ஐ 44 ஆக்குற வேலைக்கு ஒரு பெரிய தொழிற்சாலையும், புது எஃகும், 13 வருசமும் தேவைப்பட்டுச்சு. நீ ஒரு சனிக்கிழமை சாயங்காலத்துல முடிச்சுருவேங்கிறே. வாழ்க.

ரெமிங்டன்னு இன்னொரு துப்பாக்கிக் கம்பெனி, அவங்க கதை இன்னும் ருசி. உலோகத் தோட்டா வந்துருச்சு. சிலிண்டரைப் பின்பக்கமாத் தொளைச்சுத் தோட்டா போடுற உரிமையை ரோலின் ஒயிட்டுங்கிற ஆளு 1855லயே பேட்டன்ட் வாங்கி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனிகிட்ட குடுத்துட்டான். 1869 வரைக்கும் அவங்களைக் கேக்காம வேற எவனும் அந்த ஓட்டையைப் போட முடியாது. ஓட்டைக்கு வாடகை! ரெமிங்டன்காரன் 1868ல துப்பாக்கிக்கு ஒரு டாலர் அழுதுட்டு, தன்னோட பழைய 44 கரிமருந்துத் துப்பாக்கிகளை 46 கலிபர் தோட்டாவுக்கு மாத்தினான். பாரு, இதுவும் பெரிசாக்குன கதைதான். ஆனா என்ன பண்ணினான் தெரியுமா? ஆறு குழியை அஞ்சு குழியாக்கிட்டான். ஆறும் பெரிசா வச்சா சுவரு மிஞ்சாது. ஒரு பணியாரத்தைத் தியாகம் பண்ணி, மத்த அஞ்சுக்கும் சுவரைக் காப்பாத்தினான். துப்பாக்கிக் கம்பெனி நடத்துறவனே ஒண்ணை விட்டுக் குடுத்தான். நீ எதை விட்டுக் குடுக்கப் போறே? கட்டை விரலையா, ஆட்காட்டி விரலையா?

இன்னொண்ணு. நீ பெரிசு பெரிசுன்னு பறக்குறியே, அந்த நம்பருங்க உண்மைதானான்னு பாத்தியா? 36க்குள்ள 0.375 போகுது. 44க்குள்ள 0.451 போகுது, அப்போ அது 45தானே? இதைவிடக் கூத்து, இன்னைக்குப் போலீஸ்காரன் வரைக்கும் பேரு தெரிஞ்ச 38 ஸ்பெஷல் இருக்கே, அதுக்குள்ள போற குண்டு 0.357தான். ஏன்? பேட்டன்ட் தீந்த பெறகு பழைய 36 நேவிகளைத் தோட்டாவுக்கு மாத்தினாங்க. அந்தக் குழலுக்குப் பொருந்துற மாதிரி ஒரு குண்டைச் செஞ்சு 38ன்னு பேரு வச்சாங்க. அப்போ குண்டும் தோட்டாக் கூடும் வெளியில ஒரே பருமன். பின்னாடி குண்டைக் கூட்டுக்குள்ள இறக்கினாங்க. குண்டு இளைச்சிருச்சு, பேரு இளைக்கலை. பண்ணை போயி, நெலம் போயி, எங்கூட்டு வாசல்ல கடன் கேட்டு நின்னாலும் பெரிய பண்ணைன்னு கூப்பிடுறோமில்ல, அந்த மாதிரி. ஆக நீ உசிரைப் பணயம் வச்சு மாத்தப் போறது வெறும் பேரு.

"மாமா, கடையிலயே 44 நேவி விக்குதே"ன்னு அடுத்த கேள்வி வரும். விக்குது. 44 கலிபர்ல 1851 நேவியைக் கோல்ட்டு ஒருநாளும் செஞ்சதே கிடையாது. செத்து நூறு வருசம் கழிச்சு அவனுக்குப் பொறந்த பிள்ளை அது. இத்தாலியில பிரெஷியா பக்கம் நகலு செய்யுறவங்க, 1860 மாடலோட வயிறு தள்ளின சிலிண்டரை நேவி உடம்புக்குள்ள வச்சு விக்கிறாங்க. தொழிற்சாலையில சட்டத்தையும் அதுக்குத் தக்கன வெட்டி, குழலும் அதுக்குன்னே போட்டு, சோதிச்சு முத்திரை குத்தி விக்கிறதால அது பாடுக்கு இருக்கு. இருந்தாலும் அதுல பித்தளைச் சட்டம் போட்டது வாங்கிராதே. பித்தளை பளபளன்னு இருக்கும், மாப்பிள்ளை சங்கிலி மாதிரி. பெரிய மருந்தா அடிச்சுக்கிட்டே இருந்தா, சட்டம் இழுத்துக் குடுத்து, சிலிண்டர் முன்னும் பின்னும் ஆட ஆரம்பிச்சுரும். உள்நாட்டுச் சண்டையில தென்பகுதிக்காரனுக்கு இரும்புப் பஞ்சம். ஜார்ஜியாவுல கிரிஸ்வோல்டுங்கிறவன், பெரும்பாலும் அடிமைகளை வச்சு வேலை வாங்கி, பித்தளைச் சட்டத்துல 3,700 பக்கம் துப்பாக்கி செஞ்சான். அவன்கூட 36ஓட நிறுத்திக்கிட்டான். சண்டைக் காலத்துல, பஞ்சத்துல, படையெடுப்புக்கு நடுவுல இருந்தவனுக்கே அம்புட்டு நிதானம் இருந்திருக்கு. ஏசி ரூம்ல இருக்குற உனக்கு என்ன அவசரம்?

சரி, பெரியவன் வெறும் வேண்டாம் வேண்டாம்னே சொன்னா கோவம் வரும். செய்ய வேண்டியதையும் சொல்லுதேன். உனக்கு 44தான் வேணும்னா, 1860 ஆர்மி நகலு ஒண்ணைத் தனியா வாங்கு. ரெண்டும் ஒரே அளவுச் சட்டம், ஒரே எடை, கையில எடுத்தா அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். அக்காளைத் தங்கச்சியாக்குற வேலையை மட்டும் விட்டுரு. இருக்குற 36ஐ ஒழுங்கா வச்சுக்கோ. குண்டை அமுக்கி இறக்குறப்போ விளிம்புல ஈயம் மோதிரம் மாதிரிச் சீவி விழணும். விழலைன்னா குண்டு சிறுசு. ஒரு குழித் தீ பக்கத்துக் குழிக்குத் தாவிரும். ஆறும் ஒண்ணாப் போச்சுன்னா, அது துப்பாக்கி இல்லே, திருவிழா. அதுக்குத்தான் குண்டு மேலே கொழுப்பைத் தடவச் சொல்றாங்க. தடவு, கஞ்சத்தனம் பண்ணாதே. சுட்டு முடிச்ச அன்னைக்கே சுடுதண்ணியும் சோப்பும் போட்டுக் கழுவு. கரிமருந்துச் சாம்பலு உப்புச் சாதி. காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சு, ராத்திரிக்குள்ள துருவைப் பெத்துப் போட்டுரும். கழுவித் தொடைச்சு எண்ணெய் போட்டுட்டு அப்புறம் சாப்பிட உக்காரு. பொண்டாட்டி காத்துக் கெடப்பா, பரவாயில்லை. துரு காத்திருக்காது.

கடைசியா ஒண்ணு. உன் சிலிண்டரோட வெளிப்பக்கத்தை வெளிச்சத்துல திருப்பிப் பாரு. சுத்தி ஒரு சித்திரம் பொறிச்சிருக்கும். பாயும் கொடியுமா கப்பலுங்க, நடுவுல பீரங்கிப் புகை. அது 1843 மே 16ல மெக்சிகோவுல காம்பெச்சே பக்கத்துல உங்க டெக்சாஸ் கடற்படை போட்ட சண்டை. ரூபா நோட்டுக்கு அச்சுத் தகடு வெட்டுற ஆர்ம்ஸ்பிங்கிற கைக்காரன் வெட்டின படம். அந்தத் துப்பாக்கிக்கு நேவின்னு பேரு வந்ததுக்கு இந்தப் படத்தையும் காரணமாச் சொல்லுவாங்க. தண்ணியைக் கண்ணுல காணாத குதிரைக்காரப் பயலுக எல்லாம் அந்தக் கப்பலை இடுப்புல கட்டிக்கிட்டு அலைஞ்சாங்க.

சுவர் இருந்தாத்தான் சித்திரம்னு நம்ம பாட்டிமாருங்க சொல்லிக் கேட்டிருப்பே. உன் கையில இருக்குறது அந்தச் சொல்லுக்கே வார்த்த சாமான். சுவரு மேலயே சித்திரம். உள்பக்கத்துலருந்து நீ கடையக் கடைய அந்தக் கப்பலு மெல்லிசாகிக்கிட்டே வரும்.

அதனால பொங்கலுக்கு வர்றப்போ எனக்கு சென்ட்டு பாட்டில், சாக்லேட்டு எதுவும் வேண்டாம். ஒரு நல்ல மைக்ரோமீட்டர் வாங்கிட்டு வா. அதுக்கு முன்னாடி அதை வச்சு உன் சிலிண்டரு குழியையும் சுவரையும் நீயே அளந்து, இருக்குறது எவ்வளவு, கடைஞ்சா மிஞ்சுறது எவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதி அனுப்பு. அந்த ரெண்டு நம்பரையும் உன் கையால எழுதினதுக்கு அப்புறமும் கடையத் தோணுச்சுன்னா, எனக்குப் போன் பண்ணாதே. அந்த மேனேஜருக்குப் பண்ணு.